பார்சல் நூடுல்ஸை வீட்டுலயே முன்கூட்டி செஞ்சு வைக்கலாமா? உடம்புக்கும் ஆகணும், பிள்ளைகளும் திங்கணும்

வண்டியூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பெரியவன் எட்டாப்பு, சின்னவ நாலாப்பு. வாரத்துல ரெண்டு நாளாவது வண்டிக்கடை நூடுல்ஸ் பார்சல் வாங்காம விடமாட்டேங்குதுக. நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர ஏழரை ஆயிரும். அதுக்கு மேல காய் அரிஞ்சு, வேக வச்சு, வதக்கின்னு நின்னா ஒம்பது மணியாயிரும். ஞாயித்துக்கிழமையே பாதி வேலையை முடிச்சு வச்சா வார நாள்ல பத்து நிமிஷத்துல தட்டுக்கு வரணும். எண்ணெய், உப்பு, சாஸ் எல்லாம் குறையணும். அதுக்காக "இது நூடுல்ஸே இல்ல"ன்னு தட்டைத் தள்ளிவிடவும் கூடாது. மசாலாப் பொட்டலத்தோட வர்ற நூடுல்ஸ் வேணாம். வேக வச்சத எடுத்து வச்சா ஒட்டாம இருக்க என்ன வழி? எத்தனை நாள் தாங்கும்? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

சிம்மக்கல் பெரியவர்:
ஏம்மா, நம்ம ஊருல இல்லாத நூலா? சேவை நாழியை எடுத்து இடியாப்பம் பிழிஞ்சு வை. மறுநாள் உதுத்துவிட்டு, கடுகு தாளிச்சு, காயைப் போட்டுப் பிரட்டு. மைதாவைப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு அப்புறம் வயிறு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுறதா?

காளவாசல் பேச்சிலர்:
ஐயா, ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கொத்து பரோட்டாவுக்கு வரிசையில நிக்கிற மதுரையில உக்காந்துக்கிட்டு மைதாவை வையாதீங்க :) நானும் இந்த இழையைப் பின்தொடர்றேன். ரூம்ல ஒத்த அடுப்பு, ஒத்த சட்டி. என்னைய மாதிரி ஆளுக்கும் சேத்துச் சொல்லுங்க.

சட்டி மாஸ்டர்:
தங்கச்சி, நான் பைபாஸ் ரோட்டுல வண்டி போட்டிருந்தவன். இப்ப கேட்டரிங் பக்கம் போயிட்டேன். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வண்டியில நீங்க வாங்குறதே முன்கூட்டி செஞ்சு வச்சதுதான். ஆர்டர் சொன்னப்புறம் எவனும் நூடுல்ஸ வேக வைக்க மாட்டான். மத்தியானமே அண்டாவுல வேக வச்சு, வடிச்சு, எண்ணெய் விட்டுப் பிசறி, தாம்பாளத்துல பரப்பி ஆறப் போட்டிருப்போம். காயும் அப்பவே அரிஞ்சாச்சு. சாயங்காலம் சட்டியில நடக்குறது ரெண்டு மூணு நிமிஷ வேலைதான். வடிச்ச சூட்டோட சட்டியில கொட்டுனா குழைஞ்சு போகும். ஆறி இறுகுனதப் போட்டாத்தான் உதிரியா வரும். நேரம் இல்லையேன்னு நீங்க நினைச்சது இதுக்குத் தோதாத்தான் போச்சு.

வேக வைக்கிறதுல மூணு விஷயம். 100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணியாவது வேணும், தளதளன்னு கொதிச்சப்புறம்தான் போடணும். பாக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே இறக்கிருங்க. கிள்ளிப் பாத்தா நடுவுல லேசா விறைப்பு இருக்கணும், மிச்சத்த சட்டி பாத்துக்கிரும். வடிச்ச உடனே குளிர்ந்த தண்ணி ஊத்தி அலசுங்க. நூடுல்ஸ் ஒட்டுறதுக்குக் காரணமே மேல படிஞ்சிருக்கிற மாவுப் பசைதான். அது போயிருச்சுன்னா பாதிக் கதை முடிஞ்சுது.

தண்ணி நல்லா இறங்குனப்புறம் 150 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு டீஸ்பூன் கடலெண்ணெய் விட்டுப் பிசறுங்க, போதும். வண்டியில நாங்க கரண்டிக் கணக்குல ஊத்துவோம். ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் அது காத்துல கிடக்கணும்ல. உங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு, அம்புட்டு எண்ணெய்க்கு வேலையே இல்ல.

அடுத்து அளவு. வண்டி பிளேட்ல முக்காவாசி நூடுல்ஸ்தான். காய் கண்ணுக்குத் தெரிய ஒரு பிடி, கேரட் விலை ஏறுனா அதுவும் குறையும். நீங்க அதைத் திருப்பிப் போடுங்க. ஒரு ஆளுக்குக் காஞ்ச நூடுல்ஸ் 50 கிராம், காய் 150 கிராம், முட்டை ஒண்ணு. கோஸையும் கேரட்டையும் நூடுல்ஸ் தடிமனுக்கே நீளமா சீவிப் போடுங்க. எது காய், எது நூடுல்ஸ்னு பிரிச்செடுக்கிறதுக்குள்ள பிள்ளைகளுக்கே சலிச்சுப் போகும்.

வீட்டு அடுப்புல வண்டி பர்னர் சூடு வராது. நாலு பேருக்கும் ஒரே ஈடா கொட்டுனா சட்டி சூடு இறங்கி, காய் தண்ணி விட்டு, கடைசியில கூட்டு மாதிரி நிக்கும். ரெண்டு ஆளுக்கு ஒரு ஈடு. இரும்புச் சட்டி லேசா புகையிற வரைக்கும் காயட்டும் (நான்-ஸ்டிக் சட்டிய அப்படி வெறுமனே காய வைக்காதீங்க, அந்தப் பூச்சுக்கு ஆகாது). ரெண்டு டீஸ்பூன் எண்ணெய், பூண்டு, வெங்காயம், கேரட், பீன்ஸ், அப்புறம் கோஸ், குடைமிளகாய். உப்பு கடைசியில. சாஸைக் காய் மேல ஊத்தாம சட்டி ஓரத்துல ஊத்துங்க. சூட்டுல பட்டு சுர்ருன்னு லேசா கருகுற வாசனைதான் நீங்க "வண்டி டேஸ்ட்"னு சொல்றது. கடைசியா மிளகுத்தூள், வெங்காயத்தாள், இறக்கிருங்க.

வண்டியூர்க்காரி:
அண்ணே, கோடி நன்றி. சூடா வடிச்சத உடனே சட்டியில போடக்கூடாதுன்னு யாருமே எனக்குச் சொன்னதில்ல. சாஸ் எவ்வளவுன்னு மட்டும் சொல்லலையே?

சட்டி மாஸ்டர்:
எங்க கை அளவை வீட்டுக்குச் சொல்ல முடியாது தங்கச்சி. சொன்னா அதுக்கப்புறம் வண்டிப் பக்கமே வரமாட்டீங்க.

லேப் டீச்சர்:
அதை நான் சொல்றேன். (காலேஜ்ல நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன்.) சாதாரண சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லியில, சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள்ள நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உப்புக் கணக்குல பாத்தா 5 கிராமுக்குக் கீழ. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு பிளேட்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் சாஸ் ஊத்தி, மேல உப்பும் தூவுனா அந்த ஒரு வேளையிலயே கணக்கு முடிஞ்சுது.

அதனால ஒரு ஆளுக்கு சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், 300 மில்லிகிராம் சோடியம் வரும். கூடவே வினிகர் அரை டீஸ்பூன், மிளகு, பூண்டு தாராளமா. புளிப்பும் காரமும் தூக்கலா இருந்தா நாக்கு உப்பை அவ்வளவா தேடாது. கரண்டியால அளந்து ஒரு கிண்ணத்துல கலந்து வச்சுட்டு ஊத்துங்க. பாட்டிலைச் சாய்ச்சீங்கன்னா அளவு நிக்காது.

உசிலம்பட்டி மருமகள்:
மிளகாய் சாஸ் நான் வீட்டுலயே அரைச்சு வைக்கிறேன். வர மிளகாய் பத்து (பாதிக்கு விதையை உதுத்துருங்க), நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய் நாலு, கொதிக்கிற தண்ணியில இருபது நிமிஷம் ஊறணும். பூண்டு எட்டுப் பல், வினிகர் மூணு டேபிள்ஸ்பூன், சின்னத் துண்டு வெல்லம், உப்பு ஒரு சிட்டிகை. நைஸா அரைச்சு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறுனதும் சுடுதண்ணியில கழுவிக் காய வச்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சிரலாம். ரெண்டு வாரம் நிக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைச்சா அதுல அரைச்சுப் பாருங்க, வாசனையே வேற. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து எல்லாப் பூண்டுக்கும் "மலைப்பூண்டு"ன்னு பேர் வச்சு விக்கிறாங்க, பாத்து வாங்குங்க.

லேப் டீச்சர்:
அருமை. ஒரே ஒரு எச்சரிக்கை. வினிகர் போட்டுக் கொதிக்க வச்சா பரவாயில்ல. சில பேர் பச்சைப் பூண்டை நசுக்கி வெறும் எண்ணெய்ல போட்டு அடுப்பு மேடையிலயே வச்சிருப்பாங்க. அதைச் செய்யாதீங்க. காத்துப் புகாத எண்ணெய்க்குள்ள, புளிப்பே இல்லாத இடத்துல, வளரக்கூடாத கிருமி ஒண்ணு வளரும். பாத்தா தெரியாது, மோந்தாலும் தெரியாது.

திருமங்கலம் சுகர் பார்ட்டி:
எனக்கு சுகர் எட்டு வருஷமா இருக்கு. நூடுல்ஸ்னா வீட்டம்மா முறைக்கிறா. சிறுதானிய நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிடலாமா? அப்புறம் மைதாவுல அலாக்சான்னு ஒரு கெமிக்கல் கலந்திருக்காமே, அதுதான் சுகரக் கொண்டுவருதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே?

சிம்மக்கல் பெரியவர்:
நான்தான் முதல்லயே சொன்னேனே. மைதா விஷம்.

லேப் டீச்சர்:
ஐயா கோவிச்சுக்கக் கூடாது. அலாக்சான் ஆய்வுக்கூடத்துல எலிக்கு ஊசி மூலமாப் போட்டு சர்க்கரை நோயை உண்டாக்குற பொருள். அதை வச்சு, பரோட்டா தின்னவங்களுக்கெல்லாம் அதே நடக்கும்னு சொல்ல ஆதாரம் கிடையாது. மைதாவோட நிஜமான குறை அதுல தவிடும் முளையும் போயிருது, நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்ல. சீக்கிரம் செரிச்சு சர்க்கரையா ஏறும், சீக்கிரம் பசிக்கும். வைய வேண்டியது அதுக்குத்தான்.

அதே கணக்குல பாத்தா வெள்ளை அரிசி மாவு இடியாப்பமும் தப்பிக்காது. மாவா அரைச்சு ஆவியில வேக வச்சது, அதுவும் வேகமாத்தான் சர்க்கரையை ஏத்தும். எண்ணெய் குறைவு, உப்பு குறைவு, அது இடியாப்பத்துக்கு இருக்கிற நல்ல பேர். அந்தப் பேரை நான் எடுக்கல.

சிறுதானிய நூடுல்ஸ் வாங்குறப்ப பாக்கெட்டோட முன்பக்கப் படத்த நம்பாதீங்க. பின்னாடி சேர்மானப் பட்டியல் எடை அதிகமா உள்ளதுல தொடங்கி இறங்கு வரிசையிலதான் போடணும்னு சட்டம். முதல் பேரு மைதாவோ கோதுமை மாவோ இருந்து, தினையும் வரகும் நாலாவது அஞ்சாவது இடத்துல இருந்துச்சுன்னா நீங்க காசு குடுக்கிறது படத்துக்குத்தான்.

உங்களுக்கு என் யோசனை: எந்த நூடுல்ஸா இருந்தாலும் அளவைக் குறைச்சு, காயையும் முட்டையையும் கூட்டுங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டு மிஷின்ல ஒரு தடவை பாத்துக்குங்க. உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு அதுல தெரியும், அப்புறம் உங்க டாக்டர்ட்ட பேசுங்க.

திருமங்கலம் சுகர் பார்ட்டி:
அப்ப ஆற வச்ச மாவுச்சத்து நல்லதுன்னு சொல்றாங்களே, அது?

லேப் டீச்சர்:
உண்மைதான். வெந்து ஆறுன மாவுச்சத்துல ஒரு பகுதி செரிக்காத வகையா மாறும், திரும்பச் சூடு பண்ணாலும் கொஞ்சம் அப்படியே நிக்கும். ஆனா அது சின்ன லாபம். அதை நம்பி ரெண்டு பிளேட் சாப்பிட்டுறாதீங்க.

உசிலம்பட்டி மருமகள்:
கேழ்வரகு சேமியாவும் நல்லா வரும். உப்புத் தண்ணியில மூணு நிமிஷம் ஊற வச்சு, வடிச்சு, அஞ்சு நிமிஷம் ஆவி காட்டணும், கொதிக்க வச்சீங்கன்னா களிதான். இங்கிட்டுத் திண்டுக்கல்லுல இருந்து வர்ற சேமியா எல்லாக் கடையிலயும் கிடைக்குது, தேடி அலைய வேண்டாம். ஆனா நூடுல்ஸ் நீளம் வராது. உங்க பெரியவன் கண்டுபிடிச்சிருவான்.

காளவாசல் பேச்சிலர்:
எல்லாம் சரி, முக்கியமான கேள்வியை யாருமே கேக்கல. அஜினமோட்டோ போடலாமா கூடாதா?

சிம்மக்கல் பெரியவர்:
கூடவே கூடாது.

சட்டி மாஸ்டர்:
நாங்க போடுவோம். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.

லேப் டீச்சர்:
1908-ல ஜப்பான்ல கிகுனே இகேடா 'கொம்பு'ங்கிற கடற்பாசியோட குழம்புல இருந்து பிரிச்செடுத்தது அது. தக்காளியிலயும் இயற்கையாவே இருக்கிற குளூட்டமேட்தான். அதுல சோடியம் சாப்பாட்டு உப்புல இருக்கிறதுல மூணுல ஒரு பங்குதான். வழக்கமா சமையல்ல சேக்குற அளவுக்குப் பெரிய கெடுதல் ஒண்ணும் நிரூபணம் ஆகல. சிலருக்குத் தலைவலி மாதிரி வருதுன்னு சொல்றாங்க, அவங்க தவிர்த்துரலாம். வீட்டுல அது இல்லாமலே ருசி வரும்: காளானோ, நல்லா வதக்குன தக்காளியோ கொஞ்சம் சேருங்க. எனக்கு அஜினமோட்டோவை விடப் பயம் சாஸ் பாட்டில் மேலதான். அதைவிடப் பயம் வேக வச்ச நூடுல்ஸ வெளிய போட்டு வைக்கிறதுல. வண்டியூர்க்காரி கேட்ட "எத்தனை நாள் தாங்கும்" கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல பாருங்க.

பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா. சோறு, நூடுல்ஸ், இடியாப்பம் எல்லாத்துலயும் வரும். இதோட வித்து கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. வெந்தது அப்படியே வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சு, பெருகி, ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணாலும் போகாது. "நல்லா சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றது இங்க செல்லாது. பெல்ஜியத்துல 2008-ல இருபது வயசுப் பையன் ஒருத்தர், அஞ்சு நாள் அறைச் சூட்டுலயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டு இறந்தே போனார், மருத்துவ இதழ்ல பதிவாகியிருக்கு. அது அபூர்வம். வாந்தி, வயித்துப்போக்கு அபூர்வம் இல்ல, அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயில்ல.

அதனால: வடிச்சதும் அலசுற தண்ணி குடிக்கிற தண்ணியா இருக்கட்டும், குழாய்த் தண்ணி வேணாம். அகலமான தட்டுல பரப்பி ஃபேன் அடியில ஆற விடுங்க, அரை மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும். ஆழமான டப்பாவுல அமுக்கி வச்சா நடுவுல மணிக்கணக்கா சூடு நிக்கும். உயரம் குறைஞ்ச டப்பா, ஒரு வேளைக்கு ஒரு டப்பா. மூணு நாள் கணக்கு. ஞாயிறு செஞ்சது புதன் வரைக்கும்தான், வியாழன் வெள்ளிக்கு அதையே எடுக்காதீங்க.

வண்டியூர்க்காரி:
டீச்சர், நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் கணக்குப் போட்டு வச்சிருந்தேன்! அப்ப ஃப்ரீசர்?

லேப் டீச்சர்:
நூடுல்ஸுக்கு ஃப்ரீசர் சரி. ஆறுனதை ஒரு ஆள் அளவா உருட்டி, தனித்தனிப் பையில தட்டையா வச்சா ஒரு மாசம் வரைக்கும் நல்லா இருக்கும். எடுத்து நேரா கொதி தண்ணியில அரை நிமிஷம் முக்கி வடிச்சா போதும். காயை மட்டும் ஃப்ரீசர்ல வைக்காதீங்க. கோஸும் குடைமிளகாயும் உருகுறப்ப சொதசொதன்னு ஆயிரும்.

உசிலம்பட்டி மருமகள்:
காய்க்கு என் வழி: காலையில உழவர் சந்தையில வாங்குனா ஃப்ரெஷ்ஷா இருக்கும். உங்களுக்கு அண்ணா நகர் சந்தை பக்கம்தானே? 1999-ல தமிழ்நாட்டுலயே முதல்ல திறந்த உழவர் சந்தை அதுதான். கழுவி, துணியில ஒத்தி, முழுசாக் காய்ஞ்சப்புறம் அரியணும். டப்பாவுக்கு அடியில ஒரு காட்டன் துணி. கேரட்டும் பீன்ஸும் நாலு நாள், கோஸ் மூணு நாள். வெங்காயத்த மட்டும் அன்னன்னிக்கு அரிங்க, இல்லன்னா ஃப்ரிட்ஜே நாறும், பாலு முதக்கொண்டு.

காளவாசல் பேச்சிலர்:
எங்க ஏரியாவுல கரண்டு போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜுல வச்சது?

லேப் டீச்சர்:
கதவைத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் குளிர் நிக்கும். அதுக்கு மேல போச்சுன்னா வேக வச்ச நூடுல்ஸ், முட்டை, கறி எல்லாத்தையும் யோசிக்காம கொட்டிருங்க. காய் பரவாயில்ல.

வண்டியூர்க்காரி:
இன்னிக்குச் செஞ்சேன். ஆளுக்கு 50 கிராம் நூடுல்ஸ், காய் மூணு மடங்கு, சாஸ் அளந்து ஊத்துனது. அடுப்பப் பத்த வச்சதுல இருந்து தட்டுக்கு வர ரெண்டு ஈட்டுக்கும் சேத்துப் பன்னெண்டு நிமிஷம். சின்னவ ஒண்ணும் சொல்லாம தின்னுட்டா. பெரியவன் "வண்டியில இவ்வளவு கோஸ் போடமாட்டாங்க"ன்னான், ஆனா தட்டு காலி. உப்பு பத்தலன்னு அவுக அப்பாதான் ஊறுகாய் எடுத்தாரு! நூடுல்ஸுக்கு ஊறுகாய் வெஞ்சனம் வச்சுத் தின்ன ஒரே ஆளு அவராத்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி: இதையே காலையில செஞ்சு ஸ்கூல் டிபன் பாக்ஸ்ல குடுத்துவிடலாமா? ஏழரைக்குக் கட்டுனா பன்னெண்டரைக்குத்தான் திறப்பாங்க.

சட்டி மாஸ்டர்:
ருசியைக் கேட்டா, மூடுன டப்பாவுல ஆவி இறங்கி நஞ்சுபோகும். கட்டணும்னா எண்ணெய் கூட்டித்தான் கட்டணும். அதுக்கு லெமன் சேவை எவ்வளவோ மேல். பெரியவர் இப்ப சிரிப்பாரு.

சிம்மக்கல் பெரியவர்:
சிரிக்கல. நாழி வேணும்னா சொல்லுங்க, எங்க வீட்டுல ரெண்டு இருக்கு.

லேப் டீச்சர்:
அஞ்சு மணி நேரம் வெதுவெதுப்பா கிடக்கப் போகுதுன்னா நான் குடுக்கமாட்டேன், அதுவும் முட்டையோட. சேவைக்கும் இதே கணக்குதான் மாஸ்டர். எலுமிச்சைப் புளிப்பு கொஞ்சம் கைகொடுக்கும், முழுசா இல்ல. சூடு காக்கிற டப்பாவுல முதல்ல கொதி தண்ணி ஊத்தி வச்சு, அதைக் கொட்டிட்டு, ஆவி பறக்கப் பறக்க நிரப்பி மூடுனீங்கன்னா பரவாயில்ல. மத்தியானம் திறக்கிறப்பவும் நல்லா சூடு இருக்கணும், அதைப் பிள்ளைட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. நூடுல்ஸ ராத்திரிச் சாப்பாட்டுக்கே வச்சுக்கிறது நல்லது.

காளவாசல் பேச்சிலர்:
கடைசியா ஒண்ணு மாஸ்டர். சிக்கன் நூடுல்ஸ் இப்படி முன்கூட்டி முடியுமா? ஒத்த அடுப்புல?

சட்டி மாஸ்டர்:
முடியும் மாப்ள. எலும்பில்லாத நெஞ்சுக்கறி கால் கிலோ, இஞ்சி பூண்டு, மிளகு, கொஞ்சம் உப்பு, அரை டம்ளர் தண்ணி. மூடி போட்டு, உள்ள சிவப்பு தெரியாத வரைக்கும் வேக விடு. ஆறுனதும் நாராப் பிச்சு, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமா கட்டி ஃப்ரீசர்ல வை. கறி வெந்த தண்ணியக் கொட்டாத, வதக்குறப்ப ரெண்டு கரண்டி தெளிச்சா சாஸ் இன்னும் குறைச்சலாப் போதும். செய்யிறப்ப காய் வதங்குனதும் கறியப் போட்டு ஒரு நிமிஷம், அப்புறம் நூடுல்ஸ். வண்டியில போடுற சிவப்புக் கலர் பொரிச்ச சிக்கன் வேணும்னு அடம் பிடிச்சா என்ட்ட கேக்காத.

லேப் டீச்சர்:
அந்தக் கறிப் பொட்டலத்த ஃப்ரீசர்ல இருந்து எடுத்து மேடையில வச்சு உருக விடாதீங்க. முதல் நாள் ராத்திரியே கீழ ஃப்ரிட்ஜ் தட்டுக்கு இறக்கி வச்சிருங்க. கறி வெந்த தண்ணியும் அதே மாதிரி ஆற வச்சு உள்ள போகணும், மறுநாளே தீத்துருங்க.